சீல் வைத்த அலமாரி: கப்பல் ஸ்டோர்ஸ் பட்டியலுக்காக அரசாங்கங்கள் மோதிய கதை

நம் குடியிருப்பில் வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் சில உண்டு. அவர்கள் விடுமுறையில் வந்தால் புயல், கடற்கொள்ளையர், மாதக்கணக்கில் மண்ணை மிதிக்காமல் இருப்பது என்று நிறையச் சொல்வார்கள். காகிதங்களைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார்கள். நானோ வங்கியில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன். அதில் சில ஆண்டுகள் ஏற்றுமதி இறக்குமதி பில்கள் வரும் பிரிவில் இருந்தேன். எனக்குக் காகிதத்தின் கதைதான் சுவாரசியம். இந்த இதழுக்கு அப்படி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் ஷிப்ஸ் ஸ்டோர்ஸ் டிக்ளரேஷன். கப்பலில் இருப்பவர்களின் சாப்பாட்டுக்கும் உபயோகத்துக்கும் உள்ள பொருட்களை கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியல்.

மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும் இந்தப் பட்டியலின் ஒரு வரிக்காக, நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. பிரிட்டனும் அமெரிக்காவும் உட்கார்ந்து ஒப்பந்தமே போட்டன.

சரக்கு வேறு, ஸ்டோர்ஸ் வேறு

வணிகவியல் படித்தவர்களுக்கு பில் ஆஃப் லேடிங் தெரியும். கப்பலில் ஏறும் சரக்குக்கு அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், போய்ச் சேரும் துறைமுகம் ஒன்று, கூலி இவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்டோர்ஸுக்கு இது எதுவும் கிடையாது. அரிசி, மாவு, இறைச்சி, சிகரெட், மதுபானம், எரிஎண்ணெய், பெயின்ட், கயிறு, எஞ்சினுக்கான உதிரி பாகங்கள் என்று கப்பல் தனக்காகச் சுமந்து வரும் பொருட்கள் அவை. அவற்றைப் பெறுகிறவர் யாரும் கரையில் இல்லை. கப்பலே அவற்றைத் தின்று தீர்க்கும்.

ஆனால் கப்பல் ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் வந்து நின்றால், அந்தப் பொருளும் அந்த நாட்டுக்குள் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? வந்தால் வரி கட்ட வேண்டாமா? இங்கேதான் உலக நாடுகள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. கேப்டன் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். "இவை என் கப்பலில் உள்ளவர்களுக்கு. உங்கள் ஊரில் இறக்கமாட்டேன்" என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். அதை நம்பி கஸ்டம்ஸ் வரி கேட்காமல் விடுகிறது. மதுவும் புகையிலையும் மாதிரி வரி அதிகமுள்ள பொருட்களை மட்டும் ஓர் அறையில் வைத்துப் பூட்டி சீல் வைக்கிறது. கப்பல் கிளம்பி வெளிக்கடலுக்குப் போனபிறகு சீலை உடைத்துக்கொள்ளலாம்.

இன்று புழக்கத்தில் உள்ள சர்வதேசப் படிவத்தில் பொருளின் பெயர், அளவு, கப்பலில் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கட்டங்கள் உண்டு. அவற்றுக்கு மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். கப்பலில் எத்தனை பேர், துறைமுகத்தில் எத்தனை நாள் தங்கும் என்பவை அவை. லெட்ஜர் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு கட்டங்களின் நோக்கம் உடனே புரியும். 25 பேர் உள்ள கப்பலில் ஆயிரம் பெட்டி சிகரெட் இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கு என்று யார் நம்புவார்கள்? ஆள் கணக்கையும் நாள் கணக்கையும் இருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொய் தானாக வெளியே வந்துவிடும்.

1799-இன் சட்டம்

இந்தக் கணக்கு புதிதல்ல. அமெரிக்கா சுதந்திரம் பெற்று அதிகக் காலம் ஆகாத நிலையில், 1799 மார்ச் 2-ஆம் தேதி நிறைவேறிய சுங்க வசூல் சட்டத்திலேயே இது இருக்கிறது. கேப்டன் தன் மேனிஃபெஸ்டில் எவையெவை கடற்பயண ஸ்டோர்ஸ் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் அவற்றுக்கு வரியில்லை. அளவு மிதமிஞ்சி இருப்பதாகத் துறைமுகக் கலெக்டருக்குப் பட்டால், மிகுதிக்கு அவர் வரி போடலாம். எழுதியதைவிட அதிகமாக இருந்தாலோ, அனுமதியில்லாமல் கரையில் இறக்கினாலோ பொருள் பறிமுதல். அதோடு கேப்டன் அதன் மதிப்பைப்போல மூன்று மடங்கு தண்டம் கட்ட வேண்டும்.

சொன்னதை நம்புகிறோம், பொய் சொன்னால் விடமாட்டோம் என்ற இந்த ஏற்பாடு 100 ஆண்டுகளுக்கு மேல் பெரிய தகராறு இல்லாமல் ஓடியது. அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வந்த பெரிய பயணிகள் கப்பல்கள் எல்லாம் இப்படித்தான் தங்கள் ஒயினையும் விஸ்கியையும் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து போயின.

மதுவிலக்கு வந்தது

1919 ஜனவரியில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18-ஆவது திருத்தம் உறுதியானது. ஓராண்டு கழித்து, 1920 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மது தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது, நாட்டுக்குள் இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது எல்லாவற்றுக்கும் தடை. அமெரிக்காவின் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லா இடங்களிலும் தடை. இதை அமல்படுத்த வந்தது வால்ஸ்டெட் சட்டம்.

சரி, அப்படியானால் துறைமுகத்துக்கு வரும் கப்பலின் அலமாரியில் உள்ள மது? கஸ்டம்ஸை நடத்திய கருவூலத் துறை முதலில் பழைய வழியிலேயே போனது. பட்டியலில் முறையாக ஸ்டோர்ஸ் என்று எழுதப்பட்ட மதுவை, கப்பல் வந்ததும் சீல் வைக்க வேண்டும். கப்பல் கிளம்பும்வரை சீல் அப்படியே இருக்க வேண்டும். முன்பு மிகுதிக்கு வரி போட்டார்கள். இனி மிகுதியைப் பறிமுதல் செய்வார்கள். அவ்வளவுதான் மாற்றம். சில வாரங்களில் இன்னொரு சலுகையும் வந்தது. பிரான்ஸ் போன்ற சில நாடுகளின் கப்பல்களில் மாலுமிகளின் அன்றாடச் சாப்பாட்டோடு ஒயினும் ஒரு பங்கு. அதைக் கொடுப்பதற்காக மட்டும் அதிகாரிகள் சீலைத் திறந்து அளந்து கொடுக்கலாம் என்றார்கள்.

இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க அரசாங்கத்துக்கே சொந்தமான பயணிகள் கப்பல்கள் இருந்தன. வெளிநாட்டுக் கப்பல்களோடு போட்டி போட வேண்டுமே என்று, கரையைத் தாண்டியதும் அவற்றிலும் மது விற்றார்கள். 1922-இல் செயின்ட் லூயிஸ் நகரின் பீர் ஆலை அதிபர் ஆகஸ்ட் புஷ் இதைப் பிடித்துக்கொண்டார். உள்ளூரில் எங்கள் தொழிலை மூடச் சொன்ன அரசாங்கமே தன் கப்பலில் மதுக்கடை நடத்தலாமா என்பது அவர் கேள்வி. பதில் சொல்வது கஷ்டம்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் ஹாரி டாஹெர்ட்டி தன் சட்டக் கருத்தை வெளியிட்டார். அமெரிக்கக் கப்பல்கள் உலகத்தின் எந்தக் கடலில் இருந்தாலும் மது வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுக் கப்பல்கள் அமெரிக்க எல்லைக் கடலுக்குள், அதாவது கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள், மதுவோடு வரக் கூடாது. பூட்டி சீல் வைத்து, ஸ்டோர்ஸ் என்று எழுதிக் கொடுத்தாலும் கூடாது. அதிபர் ஹார்டிங் இதை அமல்படுத்த உத்தரவிட்டார்.

"இறக்குமதி" என்றால் என்ன?

கப்பல் கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. குனார்ட் கம்பெனியின் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் பல நாட்டுக் கம்பெனிகளும் சில அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்திருந்தன. எதிர்த் தரப்பில் கருவூலச் செயலர் ஆண்ட்ரூ மெலன். நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் லேர்னட் ஹேண்ட் என்ற புகழ்பெற்ற நீதிபதி கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போய், 1923 ஏப்ரல் 30-ஆம் தேதி முடிவானது.

கம்பெனிகளின் வாதம் எளிமையானது. நாங்கள் எதையும் இறக்கவில்லை, விற்கவில்லை. மது எங்கள் அலமாரியில் தூங்குகிறது. திரும்பிப் போகும் வழியில் நடுக்கடலில்தான் திறப்போம். இதை எப்படி இறக்குமதி என்பீர்கள்?

நீதிமன்றம் ஏற்கவில்லை. இறக்குமதி என்றால் வெளியிலிருந்து ஒரு நாட்டின் எல்லைக்குள் பொருளைக் கொண்டுவருவது. சுங்கச் சாவடி வழியாகப் போனதா, கரையில் இறங்கியதா என்பது அதற்கு முக்கியமில்லை. எல்லைக் கடல் நாட்டின் பகுதி. அதற்குள் மது வந்தது, வந்து நகர்ந்தது, ஆகவே அது இறக்குமதியும் ஆகும், கொண்டுசெல்வதும் ஆகும் என்றது தீர்ப்பு. இன்னொரு காரணமும் காட்டியது. பனாமா கால்வாய் வழியாகக் கடந்து போகும் கப்பல்களின் மதுவுக்கு மட்டும் வால்ஸ்டெட் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. ஓர் இடத்துக்கு விலக்கு என்று எழுதியிருந்தால், மற்ற இடங்களுக்கு விலக்கு இல்லை என்றுதானே பொருள்?

அமெரிக்கக் கப்பல்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல் கிடைத்தது. இந்தச் சட்டம் அமெரிக்க எல்லைக்கு வெளியே செல்லாது, ஆகவே நடுக்கடலில் தடையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதில் லாபம் என்ன? மதுவோடு துறைமுகத்திலிருந்து கிளம்பவும் முடியாது, மிச்சத்தோடு துறைமுகத்துக்கு வரவும் முடியாது. இரண்டு நீதிபதிகள் தீர்ப்பிலிருந்து மாறுபட்டார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் தப்புச் சொல்லத் தெரியவில்லை. எழுத்துக்கு எழுத்து சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக ஸ்டோர்ஸ் பட்டியலைத் தாங்கி நின்றது சட்டத்தின் எழுத்து மட்டும் அல்ல என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே வந்த பொருளை வராததாகப் பாவிப்போம் என்று நாடுகள் ஒன்றுக்கொன்று காட்டிய மரியாதையும் சேர்ந்துதான் அதைத் தாங்கியது. ஒரு நாடு அந்த மரியாதையை நிறுத்திக்கொண்டால் பட்டியல் வெறும் காகிதம்.

பிரிட்டிஷ் சீல், அமெரிக்கக் கத்தி

புதிய விதிகள் 1923 ஜூன் 10-ஆம் தேதி அமலுக்கு வந்தன. வைத்தியத்துக்குத் தேவையான மதுவுக்கு மட்டும் விலக்கு. அந்த மாதமே நியூயார்க்குக்கு வந்த ஒயிட் ஸ்டார் கம்பெனியின் பால்டிக், குனார்டின் பெரங்கேரியா என்ற இரண்டு கப்பல்களிலும், திரும்பும் பயணத்துக்கான மது பிரிட்டிஷ் கஸ்டம்ஸின் சீலோடு இருந்தது. அமெரிக்க அதிகாரிகள் ஏறி அந்தச் சீலை உடைத்துப் பெட்டிகளை எடுத்துப் போனார்கள்.

ஒரு நாட்டின் அரசாங்க சீலை இன்னொரு நாட்டு அதிகாரி உடைப்பது சின்ன விஷயம் இல்லை. லண்டனில் கோபம் எழுந்தது. பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கு வேறு சங்கடம். தங்கள் நாட்டுச் சட்டப்படி மாலுமிக்கு ஒயின் கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி கப்பலில் ஒயின் இருக்கவே கூடாது. கேப்டன் எந்தச் சட்டத்தை மீறுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை.

இதே நேரத்தில் நியூஜெர்சி, லாங் ஐலண்ட் கரைகளுக்கு எதிரே, மூன்று மைல் கோட்டுக்குச் சற்று வெளியே, வேறு விதமான கப்பல்கள் வரிசையாக நின்றன. ரம் ரோ என்று அதற்குப் பெயர். பஹாமாஸிலிருந்தும் கனடா பக்கத்திலிருந்தும் மது ஏற்றி வந்த கப்பல்கள் அவை. பல கப்பல்கள் பிரிட்டிஷ் கொடி போட்டிருந்தன. காகிதத்தில் எங்கோ ஒரு துறைமுகத்துக்குப் போவதாக இருக்கும். உண்மையில் இரவில் வரும் வேகப் படகுகளுக்குப் பெட்டி பெட்டியாக விற்றன. எல்லைக்கு வெளியே நிற்பதால் அமெரிக்கக் கடலோரக் காவல் படையால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் முடிந்தது.

ஒழுங்காகப் பட்டியல் எழுதி, எத்தனை பாட்டில் எந்த அறையில் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கப்பலின் அலமாரி உடைக்கப்பட்டது. எதையும் எழுதாதவன் மூன்று மைலுக்கு அப்பால் நின்று வியாபாரம் செய்தான். உண்மையைச் சொல்கிறவனுக்கு அந்த உண்மையே தண்டனையாகிவிட்டால், அடுத்த முறை யார் உண்மையை எழுதுவார்கள்? வங்கியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். விதி ஒன்றை மிகக் கடுமையாக்கிவிட்டால் முதலில் அடிபடுவது படிவத்தை முழுசாக நிரப்பிக் கொண்டுவருகிறவர்தான். ஏமாற்ற நினைப்பவர் கவுண்டருக்கே வரமாட்டார்.

கொடுக்கல் வாங்கல்

இரண்டு அரசாங்கங்களுக்கும் மற்றவரிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது. பிரிட்டனுக்குத் தன் பயணிகள் கப்பல்களின் அலமாரி பத்திரமாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குத் தன் கரைக்கு எதிரே நிற்கும் ரம் கப்பல்களைப் பிடிக்க அதிகாரம் வேண்டும். 1924 ஜனவரி 23-ஆம் தேதி வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன்படி எல்லைக் கடல் மூன்று மைல்தான் என்ற கொள்கையை இரு தரப்பும் உறுதி செய்தன. ஆனால் மது கடத்துவதாகச் சந்தேகப்படும் பிரிட்டிஷ் கப்பலை, கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் அமெரிக்க அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம் என்று பிரிட்டன் ஒத்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரம் அந்தந்தக் கப்பலின் வேகத்தைப் பொறுத்தது. வேகமான கப்பல் தூரத்தில் இருந்தாலும் மாட்டும். பதிலுக்கு, பிரிட்டிஷ் கப்பலில் ஸ்டோர்ஸ் என்று பட்டியலிடப்பட்ட மதுவும், வேறு நாட்டுக்குப் போகும் சரக்காக உள்ள மதுவும் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வரலாம் என்று அமெரிக்கா ஒத்துக்கொண்டது. நிபந்தனை இரண்டு. எல்லைக்குள் இருக்கும்வரை சீல் திறக்கக் கூடாது. ஒரு பாட்டில்கூட இறக்கக் கூடாது.

கவனித்தால், 1920-இல் கருவூலத் துறை ஒரு சுற்றறிக்கையில் செய்திருந்த ஏற்பாடு இதில் பெரும்பகுதி திரும்ப வந்துவிட்டது. வித்தியாசம், இப்போது அதற்கு இரண்டு நாடுகளின் கையெழுத்து இருந்தது. பிறகு ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, பிரான்ஸ், ஜப்பான் என்று பல நாடுகள் இதே மாதிரி ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 1933 டிசம்பரில் மதுவிலக்கே போய்விட்டது. சீலும் பட்டியலும் மட்டும் நிலைத்தன.

எல்லா நாட்டுக்கும் ஒரே படிவம்

ஒவ்வொரு நாடும் தனித்தனிப் படிவம் கேட்டால் கேப்டனுக்குக் கப்பல் ஓட்ட நேரம் இருக்காது. ஆகவே 1965 ஏப்ரல் 9-ஆம் தேதி லண்டனில் கடல் போக்குவரத்து வசதிக்கான சர்வதேச ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 1967 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஃபால் ஒப்பந்தம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் படிவங்களில் 1-ஆம் எண் பொது அறிவிப்பு, 2 சரக்கு, 3 ஸ்டோர்ஸ், 4 மாலுமிகளின் சொந்தப் பொருட்கள், 5 மாலுமிகள் பட்டியல், 6 பயணிகள் பட்டியல். நான் மேலே சொன்ன கட்டங்கள் அந்த 3-ஆம் படிவத்தில் உள்ளவை. 2019 ஏப்ரல் முதல் இவற்றைக் கணினி வழியே பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றும், 2024 ஜனவரி 1 முதல் ஒற்றைச் சாளர முறையில் ஒரே இடத்தில் பெற வேண்டும் என்றும் ஆனது.

நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் சட்டம் ஸ்டோர்ஸுக்கென்று தனிப் பிரிவுகளே வைத்திருக்கிறது. 87-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டுப் பயணத்தில் உள்ள கப்பலிலோ விமானத்திலோ இருக்கும் இறக்குமதி ஸ்டோர்ஸை, அது அந்தப் பயணத்தில் இருக்கும் காலம்வரை வரியில்லாமல் உபயோகிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்கள், தரையிறங்கும் முன் பணியாளர்கள் மது வண்டிகளைப் பூட்டி சீல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னாலும் இதே கருத்துதான். கப்பல் உள்நாட்டுக் கடலோரப் பயணத்துக்கு மாறிவிட்டால் சலுகையும் நின்றுவிடும்.

நியூயார்க்கில் எழுந்த அதே கேள்வி நம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. கடலில் எண்ணெய்த் துரப்பண மேடைகள் நடத்திய அபான் லாய்ட் சைல்ஸ் என்ற சென்னைக் கம்பெனியின் வழக்கு அது. மேடைகள் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே நிற்கின்றன, ஆகவே அவை வெளிநாடு செல்லும் கப்பல்கள், அவற்றின் உதிரி பாகங்களும் மற்ற பொருட்களும் ஸ்டோர்ஸ், வரியில்லை என்பது வாதம். 2008-இல் நீதிமன்றம் மறுத்தது. அறிவிக்கை மூலம் இந்தியச் சட்டம் நீட்டிக்கப்பட்ட பகுதிக்குள் மேடை நிற்கிறது. அங்கே போவது வெளிநாடு போவது ஆகாது என்றது. இங்கே தகராறு மதுவைப் பற்றியது இல்லை, இயந்திரப் பாகங்களைப் பற்றியது. ஆனாலும் கேள்வி பழையதுதான். எல்லைக் கோடு எங்கே இருக்கிறது, அதற்குள் வந்த பொருளை வராததாகப் பாவிக்கலாமா?

இன்றைக்கும் ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால் கேப்டன் அந்தப் பட்டியலைத் தருகிறார், கஸ்டம்ஸ் தேவையானதை எண்ணிப் பார்த்து சீல் வைக்கிறது. அந்த அலமாரியைக் காப்பது பூட்டு இல்லை. பூட்டை உடைக்க ஒரு நிமிடம் போதும் என்பதை 1923 ஜூனில் பார்த்துவிட்டார்கள். எழுதிக் கொடுப்பவர் உண்மையை எழுத வேண்டும், வாங்கிக்கொள்பவர் அந்த உண்மையை அவருக்கு எதிராகத் திருப்பக் கூடாது. இந்த இரண்டும் இருக்கும்வரைதான் பட்டியலுக்கு மதிப்பு. கப்பலில் இருக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் வரும்போது, 3-ஆம் படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். புயல் கதைக்கு நடுவே அதுவும் ஒரு நல்ல கதையாக இருக்கும்.